படம் மட்டும் பார்த்தவர் வாய் திறக்கக்கூடாதா? நம் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பில் முதல் இரண்டு வரிகள் கூட்ட நேரம் மாறியதைப் பற்றி. மூன்றாவது வரி, அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்குக்காக நாம் நடத்தும் கூட்டங்களைப் பற்றியது: "இனி ஸ்டீஃபன் கிங் கூட்டங்களில் அந்த மாதப் புத்தகத்தைப் படித்தவர்கள் மட்டுமே பேசலாம். படமோ தொடரோ மட்டும் பார்த்தவர்கள் பார்வையாளர்களாக உட்காரலாம்." இதுவும் ஏதோ நேர மாற்றம் மாதிரி, காரணம் ஒரு வார்த்தைகூட இல்லாமல், அப்படியே போட்டுவிட்டீர்கள்.

ஒன்பது வருடமாக இந்த வட்டத்தில் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விதியை எல்லோருக்கும் அனுப்பினீர்கள், மறுப்பும் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

கதைகளின் முடிவுகளைத் தொடாமல் இதை எழுத முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விதி எங்கிருந்து முளைத்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 'தி மிஸ்ட்' கூட்டம். பனிமூட்டத்தோடு வரும் கொடிய உயிரினங்களுக்குப் பயந்து ஒரு கடைக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை அது. அன்றைக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருந்தார். கதவோரமாக இருந்த நாற்காலியில், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் நாம் பேசியதை எல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, கையைப் பாதி தூக்கி ஒரு கேள்வி கேட்டார்: "கடையிலேர்ந்து முதல்ல வெளிய போவாங்களே ஒரு அம்மா, வீட்ல பிள்ளைங்க தனியா இருக்குன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிட்டு... அவங்க புத்தகத்துலயும் பிழைச்சுக்கிறாங்களா?"

அறை ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு உங்களில் ஒருவர், "நீங்க புத்தகம் படிச்சிருக்கீங்களா?" என்றார். "இல்ல சார், படம்தான்." "அப்ப படிச்சிட்டு வாங்க, பேசுவோம்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த மடலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தம்பி போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். இடைவேளை முடிந்து நாம் திரும்பி வந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அவர் கேட்டதற்கு நம்மில் யாருக்காவது பதில் தெரிந்திருந்ததா? உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை நான் மூன்று முறை படித்தவன். வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து 'ஸ்கெலிட்டன் க்ரூ' தொகுப்பை எடுத்துத் தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 1980-இல் வந்த குறுநாவல், 1985-இல் அந்தத் தொகுப்பில் சேர்ந்தது. அதில் அந்தப் பெண் துணைக்கு வரச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்கிறாள். ஒருவரும் அசையவில்லை. தனியாகப் பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று கதை சொல்வதில்லை.

ஃபிராங்க் டாரபான்ட் 2007-இல் எடுத்த படத்தில் அவள் திரும்ப வருகிறாள். கடையிலிருந்து தப்பிப் போகிறவர்களின் துப்பாக்கியில் நாலு தோட்டா, வண்டியில் ஐந்து பேர். கதாநாயகன் டேவிட் தன் மகனையும் மற்ற மூவரையும் சுட்டுவிட்டு, தன்னை ஏதாவது வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்று வெளியே இறங்கிக் கத்துகிறான். பனி விலகுகிறது, ராணுவ வண்டிகள் வருகின்றன. அதில் ஒரு லாரியில் அந்தத் தாய் நிற்கிறாள், பிள்ளைகளோடு. மேலே இருந்து அவனைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி போய்க்கொண்டே இருக்கிறது.

மூன்று முறை படித்த எனக்கு, அவள் என்ன ஆனாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. டாரபான்டுக்குத் தோன்றியிருக்கிறது. படம் மட்டும் பார்த்த தம்பிக்கும் தோன்றியது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாம் எவ்வளவு தூரம் போயிருக்கலாம்! குறுநாவல் முழுக்க டேவிட் தன் கைப்பட எழுதிவைக்கும் குறிப்பு. அவன் கண்ணில் படாதது அந்தத் தாளில் வராது. அவளைக் கிங் பனியில் விட்டுவிட்டாரா, டேவிட் விட்டுவிட்டானா? எழுதுகிறவன் பிழைத்திருக்கிறான் என்பதாலேயே கடைசியில் ஒரு நூலிழை நம்பிக்கை மிஞ்சுகிறது. கதையும் 'நம்பிக்கை' என்ற அந்தச் சொல்லில்தான் முடிகிறது. கேமராவுக்கு அந்தக் கட்டு இல்லை. அது அந்தத் தாயைத் தேடிப் போகும், கண்டுபிடித்துக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்தும். ஒரு மாலை முழுக்கப் பேசலாம் இதை. நாம் என்ன செய்தோம்? "படிச்சிட்டு வாங்க."

இதில் வேடிக்கை, அந்தப் பட முடிவு தனக்குப் பிடித்திருந்ததாகக் கிங்கே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கு இல்லாத கோபம் நமக்கு எதற்கு?

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. போன வருடம் ஒருவர் 'தி ஷைனிங்' பற்றி இருபது நிமிடம் பேசினாரே, பேய் ஓட்டலைக் காவல் காக்கக் குடும்பத்தோடு போகும் ஜாக் கோடரியால் கதவைப் பிளப்பதும் பனியில் உறைந்து போவதும் நாவலில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே பொறுமை போய்விட்டது. பாதி படித்திருந்த இரண்டு பேருக்கு முடிவும் போட்டு உடைக்கப்பட்டது (தப்பான முடிவு, அது வேறு விஷயம்). அப்படி நேரம் வீணாவது உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்றால் அதற்கு வழி தேடலாம். அதற்கு இந்த விதி மருந்தல்ல.

ஏனென்றால் 'தி ஷைனிங்'கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் நாவல், 1980-இல் ஸ்டான்லி கூப்ரிக்கின் படம். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. அவர் எழுதிய ஜாக், குடியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நல்ல அப்பாவாக இருக்கப் பாடுபட்டுத் தோற்கிறவன். குடிப்பழக்கத்தோடு கிங்குக்கே பெரிய போராட்டம் இருந்தது, அதனால் அந்த ஆள் அவருக்குச் சொந்த ரத்தம். படத்தில் ஜாக் நிக்கல்சன் வேலைக்கு நேர்காணலுக்கு வந்து உட்காரும்போதே ஒரு மாதிரிதான் சிரிக்கிறார். ஓட்டல் அவரைக் கெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த விஷயத்தில் நான் முழுக்கக் கிங் கட்சி. கவனிக்காமல் விட்ட பாய்லர் வெடித்து நாவலின் ஓட்டல் எரிந்து போகிறது, படம் பனியில் முடிகிறது. ஒன்று நெருப்பு, இன்னொன்று பனி என்று கிங்கே ஒப்பிட்டிருக்கிறார்.

அப்புறம் 1997-இல், தன் விருப்பப்படி, தானே திரைக்கதை எழுதி மூன்று பாகத் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தார். மிக் கேரிஸ் இயக்கினார். நாவலுக்கு எவ்வளவோ நெருக்கம். கோடரி போய் நாவலில் இருக்கும் சுத்தி திரும்ப வந்தது, செடிகளை வெட்டிச் செய்த மிருகங்கள் உயிர்பெற்று நகர்வதும் வந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டர் மிருகங்கள் நகர்ந்தபோது பயப்படத்தான் முயன்றேன், முடியவில்லை. புத்தகத்தில் படிக்கும்போது, திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும் அந்தச் சிங்கம் என் கழுத்து மயிரைச் சிலிர்க்க வைத்ததே, அது எங்கே? ஒன்பது வருடத்தில் நம் வட்டத்தில் ஒருவர்கூட அந்தத் தொடரை எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. புத்தகத்துக்கு விசுவாசமாக இருந்தால் மட்டும் போதும் என்றால் நாம் தினமும் அதைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

அடுத்து, 'தி ஷைனிங்'கின் தொடர்ச்சியான 'டாக்டர் ஸ்லீப்'. 2013-இல் வந்த நாவலில் அந்த ஓட்டல் கிடையாது, முதல் நாவலிலேயே எரிந்துவிட்டது. மைக் ஃபிளனகன் 2019-இல் எடுத்த படத்தில் ஓட்டல் நிற்கிறது, ஏனென்றால் கூப்ரிக் அதை எரிக்கவில்லை. கடைசியில் ஃபிளனகன் என்ன செய்தார்? முதல் நாவலின் பாய்லர் நெருப்பை எடுத்துவந்து இந்தப் படத்தின் முடிவில் வைத்தார். நாற்பது வருடமாகக் கூப்ரிக் மேல் இருந்த வருத்தம் இந்தப் படத்தால் தனக்குத் தீர்ந்துபோனது என்று கிங் சொன்னார். இப்போது சொல்லுங்கள், அடுத்த மாதப் பட்டியலில் 'டாக்டர் ஸ்லீப்' இருக்கிறதே, உங்கள் விதியை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவீர்கள்? கூப்ரிக் படத்தை மட்டும் பார்த்தவர் வாய் மூடி உட்கார்ந்திருக்க, நாவலை மட்டும் படித்தவர் அந்த நெருப்பைப் பற்றி என்னத்தைப் பேசுவார்?

நம் நல்ல கூட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'மிஸரி' கூட்டம் நினைவிருக்கிறதா? அன்றைக்கு "அந்தச் சுத்தியல் காட்சியில நான் டிவிய அணைச்சுட்டேன்" என்று ஒருவர் ஆரம்பித்தார். படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து "சுத்தியல் இல்ல, கோடரி" என்று கத்தினோம். நாவலில், ஓர் எழுத்தாளரைத் தன் வீட்டில் அடைத்து வைத்திருக்கும் ஆனி கோடரியால் அவர் பாதத்தையே வெட்டி எடுத்து, தீயால் சுட்டு ரத்தத்தை நிறுத்துகிறாள். 1990-இல் வந்த படத்தில் இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் கட்டையை வைத்து, சம்மட்டியால் அடித்து உடைக்கிறாள். எது கொடூரம் என்று அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் போனது. கோடரியைப் படிக்கும்போது மனம் தானாக ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவு பெரிய வலி நமக்குப் பழக்கமில்லை, ஆனால் கால் பிசகிய வலி எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கணுக்கால் மடங்கும் அந்த ஒரு விநாடியில் நம் கால் இழுத்துக்கொள்கிறது என்று நான் வாதாடினேன். திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மன் கோடரிதான் வேண்டும் என்று நின்றவர். இயக்குநர் ராப் ரைனர் மாற்றியதுதான் சரி என்று பிறகு கோல்ட்மனே எழுதினார். அன்று டிவியை அணைத்தவர் நாவலைப் படித்தவர் இல்லை. இன்றைய விதிப்படி அவர் வாயே திறந்திருக்க முடியாது. அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சும் நடந்திருக்காது.

நம் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். 'குஜோ'வைப் பாதியில் மூடி வைத்தவர். கொதிக்கும் காருக்குள் தாயும் நாலு வயதுப் பையனும், வெளியே வெறிபிடித்த நாய். தனக்கும் அதே வயதில் பிள்ளை இருந்த நேரம், அதற்கு மேல் பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை என்றார். 1983 படத்தில் பையன் பிழைத்துக்கொள்கிறான் என்று யாரோ சொல்ல, படத்தைப் பார்த்தார். நாவலில் பையன் செத்துவிடுகிறான் என்று நம் கூட்டத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல வேளை, மூடிட்டேன்" என்றார். எனக்குத் தெரிந்து ஒரு நாவலுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. அவரும் இனிமேல் 'குஜோ' பற்றிப் பேசத் தகுதி இல்லாதவர், அப்படித்தானே?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கிங்கிடம் வந்ததே 'தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' வழியாகத்தான். டிவியில் போட்டார்கள், நடுவிலிருந்து பார்த்தேன். பேய்க்கதை எழுதுகிறவர் எழுதியது அது என்று இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1982-இல் வந்த 'டிஃபரன்ட் சீசன்ஸ்' தொகுப்பில் நாலு குறுநாவல்கள், அதில் மூன்று படமாகிவிட்டன. முதல் கதையான 'ஷாஷாங்க்'கைத் திறந்தால், கதை சொல்லும் கைதி ரெட் சிவப்பு முடி ஐரிஷ்காரன்! படத்தில் ரெட்டாக வரும் கறுப்பின நடிகர் மார்கன் ஃப்ரீமன், "நான் ஐரிஷ்காரன் என்பதாலோ என்னவோ" என்று சொல்வது எவ்வளவு அழகான குறும்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கிங் ஒரு பேட்டியில் சொன்ன கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடையில் ஒரு வயதான அம்மா அவரைப் பிடித்து, நீ பயங்கரமான கதை எழுதுகிறவன், எனக்கு 'ஷாஷாங்க்' மாதிரி நல்ல கதைதான் பிடிக்கும் என்றாராம். அதை எழுதினதும் நான்தான் என்று இவர் சொல்ல, "இல்லை, நீ எழுதவில்லை" என்று அந்த அம்மா அடித்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கிங் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

உங்களில் மூத்தவர், 1990-இல் வந்த 'இட்' தொடரில் டிம் கரியின் கோமாளியைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் குளியலறை வடிகாலின் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்ததாகச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தாரே. ஆயிரத்து நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட அந்த நாவலை அவர் தொட்டது அதற்குப் பல வருடம் கழித்து. அன்றைக்கு அவரை யாராவது "படிச்சிட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தால் இன்றைக்கு அவர் அந்தப் பொறுப்பில் உட்கார்ந்திருப்பாரா?

மோசமான படங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஏழு பெரிய நாவல்களாக விரிந்த 'தி டார்க் டவர்' 2017-இல் ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் சுருண்டது. 'தி லான்மோவர் மேன்' என்று 1992-இல் வந்த படத்துக்கும் அவருடைய சிறுகதைக்கும் கிட்டத்தட்டச் சம்பந்தமே இல்லாததால், தன் பெயரை எடுக்கச் சொல்லி அவர் நீதிமன்றத்துக்கே போனார். கவனியுங்கள், அவர் சண்டை போட்டது தன் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியவர்களோடு. பார்த்தவர்களோடு சண்டை போடவில்லை. 'டார்க் டவர்' படத்தை மட்டும் பார்த்துவிட்டு "இதுல என்ன இருக்கு" என்று கேட்கிறவர்தான் நமக்கு முக்கியமான ஆள். என்ன இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்று. மாணவர்களும் புது இயக்குநர்களும் ஒரே ஒரு டாலருக்குத் தன் சிறுகதைகளைக் குறும்படமாக எடுத்துக்கொள்ளக் கிங் பல வருடம் அனுமதி கொடுத்துவந்தார். அப்படி ஒரு டாலர் கொடுத்து ஆரம்பித்த இளைஞர்களில் ஒருவர்தான், பின்னாளில் 'ஷாஷாங்க்' எடுத்து, நம்மைச் சண்டை போட வைத்த 'தி மிஸ்ட்' எடுத்த டாரபான்ட்.

கொஞ்ச நாளாகவே நம் கூட்டத்தில் ஒரு வாடை அடிக்கிறது. புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "எத்தனை படிச்சிருக்கீங்க?" படித்த எண்ணிக்கை பதக்கம் மாதிரி ஆகிவிட்டது. இந்த விதி அந்தப் பதக்கத்துக்கு முத்திரை குத்துகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது இவை. அந்த மூன்றாவது வரியை அடுத்த கூட்டத்துக்கு முன்னால் திரும்பப் பெறுங்கள். திருத்தி எழுதுகிறோம், படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று மாற்றுகிறோம் என்ற சமாதானம் வேண்டாம், முழுதாக எடுத்துவிடுங்கள்.

முடிவுகள் உடைவதுதான் உங்கள் கவலை என்றால், கூட்டத்தின் முதல் பாதியில் யாரும் முடிவைத் தொடக்கூடாது, இடைவேளைக்குப் பிறகு எல்லாம் பேசலாம் என்று வையுங்கள். அது படித்தவர், பார்த்தவர் எல்லோருக்கும் பொது. நீளமாகப் பேசி நேரத்தைத் தின்பதுதான் பிரச்சினை என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கறாராகச் சொல்லுங்கள், நானும் கட்டுப்படுகிறேன் (எனக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம்). ஒரு காட்சி படத்திலிருந்தா, புத்தகத்திலிருந்தா என்று பேசுகிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் வைக்கலாம். குழப்பம் பாதி அங்கேயே தீரும். 'டாக்டர் ஸ்லீப்' கூட்டத்தில் படத்தை மட்டும் பார்த்த ஒருவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தத் தம்பியின் தொலைபேசி எண் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அன்றைக்கு அவருக்குப் பதில் சொன்னவரே அவரைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டும். சிரித்தவர்களில் ஒருவன் என்ற முறையில் நானும் பேசுகிறேன். 'தி மிஸ்ட்' கூட்டத்தை இன்னொரு முறை போட்டு, அவர் கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அந்தத் தாய் கடையின் கதவைத் திறந்து வெளியே போகும் பக்கத்தில் நான் ஒரு துண்டுச்சீட்டை வைத்திருக்கிறேன், புத்தகத்தைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தின் உறுப்பினன்